எறா ஏன் செவக்குது?

பையைத் திறந்து பாயில் கொட்டினால் கதைப் புத்தகங்கள்தான் முதலில் தீரும். சிங்கம், பூதம், பேசும் மரம் எல்லாம் இரண்டே நிமிடத்தில் யாராவது ஒரு பிள்ளையின் மடிக்குப் போய்விடும். நண்டு, எரிமலை, பறவையின் அலகு, மழை பெய்யும் விதம், சக்கரம் உருண்ட வரலாறு இவையெல்லாம் பாயிலேயே கிடக்கும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு நான் புத்தகப் பை தூக்கத் தொடங்கியது 2012-இல். அந்த முதல் வருடம் முழுக்க, கிடந்ததை அள்ளிக்கொண்டு திரும்பினேன். வழவழத் தாள், கெட்டி அட்டை. பொன்னேரி பேருந்தில் மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகும்.

இந்த வகைப் புத்தகத்துக்குத் தமிழில் வாய்க்கு இணக்கமான பெயர் இல்லை. அபுனைவு என்றால் பிள்ளைக்குப் புரியாது. பொது அறிவு என்றால் வினாடி வினா நினைவுக்கு வரும். பெயரைக் கடைசியில் பிள்ளைகளே வைத்தார்கள். ஒரு நாள் பையைப் பார்த்ததும் மூன்றாம் வகுப்புக்காரி கேட்டாள்: "டீச்சர், இன்னிக்கு கதைப் புக்கா, நெசப் புக்கா?" அன்றிலிருந்து எங்களுக்கு அது நெசப் புக்குதான்.

நெசப் புக்கு ஏன் பாயிலேயே கிடந்தது என்பது எனக்குப் புரிய நாளானது. ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியர், "கதை மட்டும் கொண்டாங்கம்மா, அறிவியலுக்குத்தான் பாடப் புத்தகம் இருக்கே" என்றார். அவர் சொன்னதில் பிள்ளைகளின் மனமும் இருந்தது. உண்மையைச் சொல்லும் புத்தகம் என்றால் அதற்குப் பின்னால் ஒரு கேள்வித்தாள் வரும் என்று அவர்கள் ஒன்றாம் வகுப்பிலேயே கற்றுவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு நூலுக்கும் ஐந்து கேள்வி தட்டச்சு செய்து, நகலெடுத்து, பையோடு கொண்டுபோனேன். படித்துவிட்டுப் பதில் எழுத வேண்டும். எந்தப் பிள்ளை வேலையைக் கேட்டு வாங்கும்? அந்தத் தாள்களை நான் நிறுத்தியதற்குக் காரணம் ஒரு நண்டு.

ஆறாம் வகுப்புப் பையன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், அதனால் கதைப் புத்தகப் போட்டியில் எப்போதும் பின்தங்குவான். பாயில் மிஞ்சியிருந்த கடல் உயிரிகள் புத்தகத்தை எடுத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "டீச்சர், இது தப்பு" என்றான். வயிற்றில் முட்டைகளோடு ஒரு நண்டின் படம், கீழே பெண் நண்டு என்று அச்சிட்டிருந்தது. "பொட்ட நண்டுக்கு வயித்து மூடி அகலமா இருக்கும். இது கூரா இருக்குது பாருங்க. ஆம்பள நண்டு எப்பிடி டீச்சர் செனையா இருக்கும்?"

அவன் சொன்னது சரி. நண்டைத் திருப்பிப் போட்டால் வயிற்றில் மடிந்திருக்கும் மூடி ஆணுக்குக் குறுகிக் கூராக இருக்கும், பெண்ணுக்கு அரைவட்டமாக அகன்றிருக்கும். முட்டைகளைத் தாங்க அந்த அகலம் வேண்டும். இந்தக் கரையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும், படம் வரைந்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வகுப்பு மொத்தமும் அந்தப் பக்கத்தின் மேல் கவிழ்ந்தது. ஒருவன் வீட்டுக்கு ஓடி உண்மையான நண்டையே கொண்டுவந்தான். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை அந்தப் பையன் எழுத்துக் கூட்டி, சத்தமாக, இரண்டு தரம் படித்தான். அவன் அதுவரை பள்ளியில் அவ்வளவு சத்தமாகப் படித்ததில்லை என்று வகுப்பு ஆசிரியை பிறகு சொன்னார்.

அன்றிலிருந்து என் வேலை மாறியது. நெசப் புக்கைப் பிள்ளையிடம் கொடுக்கும்போது, "படிச்சு என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்பதை விட்டேன். "இதுல சரி எது, தப்பு எது, விட்டுப்போனது எது? வீட்ல கேட்டுட்டு வா" என்றேன். ஒரே வரி மாற்றம்தான். ஆனால் அந்த வரியால் புத்தகம் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போய், வலை பின்னும் தாத்தாவிடமும் கருவாடு காயப்போடும் பாட்டியிடமும் சாட்சி கேட்டுவிட்டுத் திரும்பியது.

தமிழில் பிள்ளைகளுக்கு இப்படி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. 1891-இல் பிறந்த பெ. நா. அப்புசாமி தொண்ணூறு வயதைத் தாண்டியும் அறிவியலை எளிய தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் 1987 முதல் வருகிறது. பள்ளிக்கல்வித் துறை சின்னப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் இதழையும் நடுநிலைப் பிள்ளைகளுக்குத் தேன்சிட்டு இதழையும் அனுப்புகிறது. வாசிப்பு இயக்கம் மெல்லிய புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்துக் கொடுத்தபோது, எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கும் நுழைய ஒரு வாசல் கிடைத்தது. எழுதியவர்கள் உழைத்து எழுதினார்கள். அதைப் பிள்ளையின் கைக்குக் கொண்டுபோகும் கடைசி நூறு அடியில்தான் தடங்கல். புத்தகம் பீரோவுக்குள் இருக்கும், சாவி யாரிடமோ இருக்கும். படம் போட்ட விலை கூடிய நூல் என்பதால் நெசப் புக்குதான் முதலில் பூட்டப்படும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பதைப் பற்றியது. அந்த விதியை நினைத்துக்கொண்டுதான் பல பள்ளிகளில் பீரோ சாவிக்காகக் காத்து நின்றிருக்கிறேன். சாவி கிடைத்த இடங்களில் வலைக் கயிற்றைச் சுவருக்குச் சுவர் கட்டி, துணிக் கிளிப்பில் புத்தகங்களை அட்டை தெரிய மாட்டினோம்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் எறாவிடமிருந்து வந்தது.

மழைக்காலம் முடிந்ததும் ஏரிக்குப் பூநாரைகள் வரும். பிள்ளைகளுக்கு அவை தினசரிக் காட்சி. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் அலசி அவை மேய்வதை என்னைவிட நன்றாக நடித்துக் காட்டுவார்கள். பறவைப் புத்தகத்தில் ஒரு பெட்டிச் செய்தி: பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறம், தின்னும் பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் இருக்கும் நிறமியால்தான் வளர வளரச் சிவப்பு ஏறுகிறது. நான் படித்து நிறுத்தியதும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"நாங்களும் தெனம் எறா துன்றோமே டீச்சர், நாங்க ஏன் செவக்கல?"

வகுப்பு சிரிக்கவில்லை, அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். பலகையில் அந்தக் கேள்வியை எழுதி, அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். இறாலின் ஓட்டில் இருக்கும் நிறமிக்கு அஸ்டாசாந்தின் என்று பெயர். உயிருள்ள இறாலில் அது ஒரு புரதத்தோடு பிணைந்திருப்பதால் சிவப்பு வெளியே தெரியாது. சாம்பலும் பச்சையுமாகத் தெரியும். கொதிநீரில் போட்டதும் புரதத்தின் கட்டு அவிழ்ந்து சிவப்பு வெளிவருகிறது. பூநாரையின் உடல் இந்த வகை நிறமிகளைப் பிரித்து இறகில் சேர்த்துவைக்கிறது. நம் உடல் அப்படி இறகு வளர்ப்பதில்லை. ஆனாலும் நாள்தோறும் அளவுக்கு மீறி கேரட் தின்பவர்களுக்கு உள்ளங்கை மஞ்சளிப்பது உண்டு, அதுவும் இதே குடும்பத்து நிறமிதான்.

இதைக் கொண்டுபோய்ச் சொன்னபோது கேள்வி கேட்டவள், "அப்ப எங்கம்மா சட்டியில நடக்குறதும் நாரைக்கு நடக்குறதும் ஒண்ணா?" என்றாள். நிறமி ஒன்று, நடப்பது வேறு என்று பிரித்துச் சொன்னேன். அன்று சாயங்காலம் அவள் அம்மா அடுப்பில் ஒவ்வோர் எறாவாகப் போட்டு, எந்த எண்ணிக்கையில் சிவக்கிறது என்று மகளும் தாயும் எண்ணியிருக்கிறார்கள். மறுவாரம் அம்மாவே பள்ளிக்கு வந்தார். "எலுமிச்சம் பழம் புழிஞ்சு வச்சாலும் லேசா செவக்கும்மா, அடுப்பே வேணாம். அது உங்க புக்குல போட்டுருக்குதா?" என்றார். போடவில்லை. புளிப்பும் புரதத்தின் கட்டை அவிழ்க்கும் என்பதை நான் அதற்குப் பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். அந்தப் பெட்டிச் செய்திக்குக் கீழே, ஓரத்து வெள்ளையில், பென்சிலால் அம்மா சொன்னதை மகள் எழுதினாள். நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்ற விதியை அன்று நான் தளர்த்தினேன், இன்றுவரை அதற்கு வருந்தவில்லை.

புத்தகத்துக்குள் வழி கண்டுபிடிப்பதையும் கற்றுத்தர வேண்டியிருந்தது. கதையை முதல் பக்கத்தில் தொடங்க வேண்டும். நெசப் புக்கை நடுவில் திறக்கலாம், படத்திலிருந்து தொடங்கலாம், வேண்டிய பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடலாம். பிள்ளைகளுக்கு இது அனுமதி கிடைத்த மாதிரி. எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு அது இன்னும் பெரிய விடுதலை, படத்துக்குக் கீழே உள்ள ஒரு வரியைப் படித்தாலே ஒரு செய்தி முழுசாகக் கிடைத்துவிடும். ஆனால் வேண்டிய பக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லடைவு வேண்டும். தமிழில் சிறுவர் நூல் பலவற்றில் அது இல்லாதது எனக்கு நெடுநாள் ஆதங்கம். ஆகவே நாங்களே செய்தோம். கடைசி வெள்ளைத் தாளில் அகர வரிசையில் சொற்களை எழுதிப் பக்க எண் போட வேண்டும். இரண்டு பேர் கொண்ட குழு, ஒரு புத்தகம், ஒரு மத்தியானம். க, ங, ச என்று ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த வரிசை எதற்கு என்பது அன்றுதான் தெரியும்.

எந்த வருடம் அச்சிட்டது என்று பார்ப்பதும் அப்படி வந்த பழக்கம். நன்கொடையாக வந்த பழைய நூல் ஒன்று கோள் ஒன்பது என்றது, புதியது எட்டு என்றது. ஒன்று பொய் சொல்கிறதா என்று சண்டை. புளூட்டோ 2006-இல்தான் குறுங்கோள் ஆனது, பழைய நூல் அதற்கு முன்பு எழுதியது என்று தெரிந்ததும், எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் வருடத்தைத் தேடினார்கள். டச்சுக்காரர் கல்லறைக்குக் கூட்டிப்போனபோதும் எலும்புக்கூடு செதுக்கிய வாசல் தூணைத் தொட்டுவிட்டு நேரே கல்லில் இருக்கும் எண்களைத்தான் தேடினார்கள். எழுத்து புரியாது, வருடம் புரியும். அந்த டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கட்டிய கெல்டிரியாக் கோட்டைக்கும் அந்தக் கல்லுக்கும் எத்தனை வருடம் என்று தரையில் குச்சியால் கணக்குப் போட்டார்கள்.

2023 ஜூலை 14, சந்திரயான்-3. ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் அப்பாக்களும் கரையில்தான் இருந்தார்கள். ஒலியைப் பற்றிய சிறு நூலை முந்தின வாரமே படித்திருந்தோம். 2.35-க்குப் புறப்பட்டது. மரங்களுக்கு மேலே நெருப்பு தெரிந்ததும் பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். முழக்கம் வந்துசேர்ந்தபோது எண்ணிக்கை நூறை ஒட்டியிருந்தது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 விநாடி. வகுத்துப் பார்த்துவிட்டு, அட்லஸில் நூல் வைத்து ஸ்ரீஹரிகோட்டாவின் ஏவுதளத்துக்கு அளந்தார்கள். 35 கிலோமீட்டரை ஒட்டி வந்தது. அப்பாக்களில் ஒருவர் "இத்தன வருசமா காதுல கேக்குறோம், கணக்கு பண்ணலியே" என்று மகனிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்.

அப்பாக்களைப் பற்றிச் சொல்லும்போது ஒருவரை விட முடியாது. ஏழாம் வகுப்பு மகள் நிலநடுக்கம் பற்றிய புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தாள். அடுத்த வாரம் அவர் பள்ளி வாசலில் எனக்காக நின்றார், கையில் அந்தப் புத்தகம், நடுவே விரல் வைத்து. திருப்பித் தர வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தை விரித்துக் காட்டினார். சுமத்ரா அருகே கடலடித் தளம் நகர்ந்தது, அலை புறப்பட்டது, 2004 டிசம்பர் 26 என்று படத்தோடு இருந்தது.

"எம் பொண்ணு மூணு தரம் படிச்சுச்சு. நம்ம கரைக்கு வர ரெண்டரை மணி நேரம் ஆச்சுன்னு போட்டுருக்குதே. நெஜமாம்மா?"

"ஆமாண்ணா. விடிகாலை ஆறரைக்கு அங்க நடந்துச்சு."

அவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. "நாங்க அப்ப கரையிலதான் இருந்தோம். ரெண்டரை மணி நேரம்" என்றார். அவர் வீட்டில் அன்று என்ன போயிற்று என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பு கிடையாது என்றும், 2007-இல் ஹைதராபாத்தில் மையம் அமைத்திருக்கிறார்கள், இப்போது கடலடியில் நடுங்கினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும் என்றும் சொன்னேன். கடல் உள்வாங்கினால் ஏன் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "இது கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். அது குப்பத்தில் வீடு வீடாகப் போனது. நான்கு மாதம் கழித்துத் திரும்பியபோது அந்தப் பக்கம் மட்டும் கைபட்டுக் கறுத்திருந்தது. தேதி தாண்டிவிட்டது என்று நான் ஏட்டில் குறிக்கவில்லை.

அவருக்குத்தான் நூலக வரி பற்றிச் சொன்னேன். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீட்டு வரியோடு சேர்த்து நூலகத்துக்கென்று ஒரு பங்கை நாமெல்லாம் கட்டுகிறோம் என்றதும் திரும்பிப் பார்த்தார். "நாங்க காசு குடுத்ததா இது?" அதன் பிறகு அவர் கிளை நூலகத்துக்குள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, தயக்கமில்லாமல் வந்தார்.

உப்புக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் புத்தகத்தின் முதல் எதிரி அதுதான். மெல்லிய நூல்களின் நடுவில் அடிக்கும் கம்பிப் பின் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, தாளைத் தின்று, நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். ஒட்டுநாடா பிசுபிசுத்துப்போகும். வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "குடும்மா இங்க" என்று வாங்கி, பின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நைலான் நரம்பைக் கோத்து நான்கு முடிச்சில் தைத்துக் கொடுத்தார். துருவும் இல்லை, பிரிவதும் இல்லை. இப்போது புது நூல் வந்தால் முதல் வேலையே அதுதான். தைக்க வந்தவர்கள் தைத்த புத்தகத்தைப் புரட்டாமல் கொடுப்பதில்லை.

பிள்ளைகள் தாமே எழுதிய நெசப் புக்கும் அந்த நரம்பால் தைத்ததுதான். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் பக்கங்களில் ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு என்ற ஏற்பாடு தலைமுறைகளாக உண்டு. ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்த சிறுவர் நூல் எதிலும் அது இல்லை. விட்டுப்போனது எது என்ற கேள்விக்குப் பிள்ளைகள் சொன்ன முதல் பதில் அதுதான், ஆகவே அவர்களே எழுதினார்கள். அப்பாவின் முறை மறுபடி எப்போது வரும் என்று கணக்குப் போட ஒரு பக்கம். இருளர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, தன் ஆயா இடுப்பளவுத் தண்ணீரில் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு கைகளால் துழாவி எறா பிடிப்பதை வரைந்து ஒரு பக்கம். முகத்துவாரம் மண்ணடைத்தால் மீனுக்கு என்ன ஆகும் என்று ஒரு பக்கம். கடைசியில் சொல்லடைவு. அங்கே ஒரு நாள் முழுக்க வாதம்: வீட்டில் எறா, பாடப் புத்தகத்தில் இறால், எந்த எழுத்தின் கீழ் போடுவது? ஒருத்தி தீர்த்துவைத்தாள். இகரத்தில் "இறால்: எறா பார்க்க" என்று போட்டாள். அந்த வழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முப்பது படி நகலெடுத்துப் பக்கத்துக் குப்பத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினோம். ஒரு படி இரண்டே வாரத்தில் திரும்பிவந்தது. மீன்கள் பக்கத்தில் மடவைப் படத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். ஓரத்தில் கோணல் எழுத்தில், "தப்பு. மடவைக்கு முதுகுல ரெண்டு துடுப்பு இருக்கும்."

வரைந்தவன் அந்த நண்டுப் பையனின் தம்பி. முகம் சுருங்கிப்போனது, ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடிகாலை படகுகள் வரும் துறைக்குப் போய், ஒரு மடவையைக் கையில் எடுத்து முதுகைத் தடவிப் பார்த்திருக்கிறான். பத்து மணிக்கு வகுப்புக்கு வந்து ரப்பர் கேட்டான். மறு நகலில் மடவைக்கு இரண்டு துடுப்பு இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், எழுதியவர்கள், வரைந்தவர்கள், தைத்தவர்கள் என்ற பட்டியலுக்குக் கீழே புதிதாக ஒரு வரியும் இருக்கிறது: திருத்தியவர்கள், பக்கத்துக் குப்பத்து ஐந்தாம் வகுப்பு.